பர்மாவில் சீனா: இஸ்ரேல் வழி நமக்கு உதவுமா?

காரைக்குடியில் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "சிரியாவில் இரான் காலூன்றக் கூடாது என்று இஸ்ரேல் பத்து வருஷத்துக்கு மேல் குண்டு போட்டது. மியான்மர் (பர்மா) உள்நாட்டுப் போரில் சீனா இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறது. நமக்கு அந்த நாட்டோடு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. நாம் ஏன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம்?"

தம்பி, சீனா இரண்டு பக்கமும் கை வைத்திருப்பது உண்மைதான். ஆனால் நாம் வேடிக்கை பார்க்கிறோம் என்பது சரியில்லை. 1993 முதல் டெல்லிக்குத் தெளிவான ஒரு பர்மாக் கொள்கை உண்டு. பழைய தலைநகர் ரங்கூனிலோ இன்றைய தலைநகர் நேபிடோவிலோ யார் ஆட்சியில் இருந்தாலும் அவர்களோடு ஒட்டிப் போவது, அப்போதுதான் அவர்கள் முழுக்கச் சீனாவின் மடியில் போய் விழமாட்டார்கள் என்பதுதான் அது. அந்தக் கொள்கை இப்போது பழுதாகிவிட்டது என்பது என் கருத்து. தலைநகரத்தையும் சீனாவையும் மட்டுமே பார்த்ததில், எல்லையோரத்து நிலம் யார் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை டெல்லி காலத்தில் கவனிக்கவில்லை.

முதலில் இஸ்ரேல் விஷயம். 2011-ல் சிரியாவில் சண்டை தொடங்கியபோது அதிபர் அசாத் இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதில் இஸ்ரேல் வெளிப்படையாகப் பக்கம் சேரவில்லை. அது போட்டுக்கொண்ட கோடுகள் வேறு. சிரியா வழியாக லெபனானில் இருக்கும் இரான் ஆதரவு ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவுக்கு நவீன ஆயுதம் போகக் கூடாது. கோலான் குன்றுகளை ஒட்டி இரானியப் படையோ அதன் துணைப்படையோ வந்து உட்காரக் கூடாது. எல்லை தாண்டி இஸ்ரேல் பக்கம் குண்டு விழுந்தால் பதிலடி உண்டு. 2013 ஜனவரியில் டமாஸ்கஸ் பக்கத்தில் நடந்த வான்தாக்குதலில் இது வெளியே தெரிய ஆரம்பித்தது. 2015 செப்டம்பரில் ரஷ்யப் படை சிரியாவில் வந்து இறங்கியதும், நெதன்யாகு நேரே மாஸ்கோ போய் புடினோடு பேசி, இரண்டு விமானப்படைகளும் ஒன்றையொன்று சுட்டுவிடாதபடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தாக்குதல்களைவிட முக்கியமான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடந்திருக்காது.

அந்த வழி அங்கே செல்லுபடியானதற்கு நிலவரம்தான் காரணம். இரானுக்கும் சிரியாவுக்கும் பொது எல்லை கிடையாது. ஆயுதம் விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் ஈராக் வழியாக லாரியில் வர வேண்டும். வருகிறபோது அடிக்கலாம். பர்மாவில் சீனாவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நில எல்லை இருக்கிறது. அங்கே சீனா இருப்பது குழாயாக, துறைமுக ஒப்பந்தமாக, சுரங்கமாக, மின்சாரக் கம்பியாக, திறக்கவும் மூடவும் தோதான எல்லைக் கேட்டாக. இதில் எதன் மேல் குண்டு போடுவது? மேற்குப் பர்மாவில் ராக்கைன் மாநிலக் கடலோரத்து ஷ்வே வயலின் எரிவாயு 2013 முதல் குழாய் வழியாகச் சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. அந்த வயலில் நம் அரசு நிறுவனங்களான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு! வங்காளதேசம் வழியாகக் குழாய் போட்டு அதை இந்தியாவுக்குக் கொண்டுவரலாம் என்று வருஷக்கணக்கில் பேசினோம். நாம் பேசிக்கொண்டிருக்கையில் சீனா குழாயைப் போட்டு முடித்துவிட்டது.

அதோடு, இரானை அடிப்பதும் சீனாவை அடிப்பதும் ஒன்றில்லை. சீனாவோடு நமக்கு இமயமலை நெடுக, தீராத எல்லைத் தகராறு இருக்கிறது. 2020-ல் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். இன்னொரு முனையை நாமே திறந்துவிடுவது புத்தியில்லை.

முடிவு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அத்தனை வருஷ குண்டுவீச்சுக்குப் பிறகும் இரான் சிரியாவில் இருந்துகொண்டுதான் இருந்தது. 2024 டிசம்பர் 8-ஆம் தேதி அசாத் நாட்டை விட்டு ஓடிய பிறகுதான் அதன் பிடி போனது. அந்த வருஷம் ஹிஸ்புல்லாவை இஸ்ரேல் நொறுக்கியது அதற்கு ஒரு பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் டமாஸ்கஸுக்குள் நுழைந்தவர்கள் இட்லிபிலிருந்து கிளம்பி வந்த சிரியர்கள். நிலத்தில் நின்றவர்கள் கையில்தான் முடிவு இருந்தது.

சரி, நம் கதைக்கு வருவோம். 1988-ல் பர்மாவில் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இந்தியா வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு ராணுவ ஆட்சியைக் கடுமையாகத் தாக்கியது. தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தோம். அதே சமயத்தில் சீனா அந்த ராணுவத்துக்கு டாங்கியும் போர் விமானமும் விற்றது. நாகாலாந்து, மணிப்பூர், அசாம் ஆயுதக் குழுக்கள் எல்லைக்கு அப்பால் முகாம் போட்டுச் சௌகரியமாக இருந்தன. கொள்கையைத் திருப்ப வேண்டும் என்று டெல்லி முடிவு செய்தது இந்த நெருக்கடியில்தான். 1993 மார்ச்சில் வெளியுறவுச் செயலர் ஜே.என். தீட்சித் ரங்கூன் போனார். அடுத்த வருஷம் எல்லை ஒத்துழைப்பு ஒப்பந்தம் வந்தது.

அந்த மாற்றம் அப்போது சரியானது என்றே நினைக்கிறேன். 1995-ல் இரண்டு ராணுவங்களும் சேர்ந்து மிசோரம் எல்லையில் ஆயுதக் குழுக்களைப் பிடிக்க ஒரு பெரிய வளைப்பு நடத்தின. நடுவில் பர்மிய ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூச்சிக்கு நேரு விருது என்ற சேதி வந்ததும் பர்மிய ராணுவம் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது. ஜனநாயகத்தையும் எல்லைப் பாதுகாப்பையும் ஒன்றாகப் பேசினால் இரண்டாவது கெட்டுப்போகும் என்று டெல்லி அதிகாரிகள் மனத்தில் அன்றைக்குப் பதிந்தது இன்னும் அழியவில்லை. அப்புறம் 2001-ல் மணிப்பூர் எல்லையிலிருந்து பர்மாவுக்குள் போகும் தாமு, கலேவா, கலேமியோ சாலையை நாம் போட்டுக் கொடுத்தோம். 2008-ல் கலாதான் திட்டம் கையெழுத்தானது. கல்கத்தாவிலிருந்து கடல் வழியாகச் சிட்வே (நம் பாட்டன்மார் அக்யாப் என்று அறிந்த ஊர்), அங்கிருந்து ஆற்று வழியாகப் பலேத்வா, அங்கிருந்து சாலை வழியாக மிசோரம் என்பது அந்தத் திட்டம். 2020-ல் சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பலை பர்மியக் கடற்படைக்குக் கொடுத்தோம். அடுத்த வருஷமே சீனாவும் ஒரு நீர்மூழ்கியைக் கொடுத்தது. நாம் ஒன்று கொடுத்தால் அவர்களும் ஒன்று கொடுப்பார்கள். போட்டி இப்படியே போனால் பணம் அதிகம் உள்ளவன்தான் ஜெயிப்பான். அது நாம் இல்லை.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பர்மா பற்றிய தீர்மானம் 12 வாக்குகளோடு நிறைவேறியபோது வாக்களிக்காமல் ஒதுங்கியவை மூன்றே நாடுகள்: சீனா, ரஷ்யா, இந்தியா. சீனாவின் செல்வாக்கைத் தடுக்க என்று தொடங்கிய கொள்கை, கடைசியில் சீனாவோடு சேர்ந்து கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்துவிட்டது. இது எனக்கு இன்றைக்கும் வருத்தமாகவே இருக்கிறது.

இப்போது சீனா எப்படிச் செய்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கேள்விக்கான பாதி பதில் இதில்தான் இருக்கிறது. பர்மாவில் சீன எல்லையை ஒட்டிய கோகாங் பகுதி லாவுக்காய் நகரத்தில் இணைய மோசடிக் கூடங்கள் மண்டிக்கிடந்தன. ஏமாந்தவர்களில் பெரும்பகுதி சீனர்கள். அவற்றை ஒழி என்று பெய்ஜிங் சொல்லிச் சொல்லிப் பார்த்தது, ராணுவ ஆட்சி கேட்கவில்லை. 2023 அக்டோபர் 27-ஆம் தேதி ராணுவத்தை எதிர்க்கும் இனவாரி ஆயுதப் படைகளான கோகாங் படை, தாங் படை, ராக்கைன் மக்களின் அரக்கான் படை மூன்றும் சேர்ந்து வடக்கு ஷான் மாநிலத்தில் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மோசடிக் கூடங்களை ஒழிப்போம் என்று அறிவித்துவிட்டே பாய்ந்தன. சீனா தடுக்கவில்லை. 2024 ஜனவரியில் லாவுக்காய் விழுந்தது. தனக்கு வேண்டியது கிடைத்ததும் சீனா இரண்டு தரப்பையும் தன் குன்மிங் நகரத்துக்கு அழைத்துப் போர்நிறுத்தம் பேச வைத்தது.

அது நிலைக்கவில்லை. அந்த வருஷம் கோடையில் சண்டை மறுபடி மூண்டு, வடகிழக்கு ராணுவத் தலைமையகம் இருந்த லாஷியோ நகரமே கோகாங் படை கைக்குப் போனது. ராணுவ ஆட்சி மொத்தமாகச் சரிந்துவிடுமோ என்று சீனா பயந்தது அப்போதுதான். எல்லைக் கேட்டுகளை மூடியது, கோகாங்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியது, சரக்கை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் கோகாங் படை, ரத்தம் சிந்திப் பிடித்த லாஷியோவை ராணுவத்திடம் திருப்பிக் கொடுத்தது, அதுவும் சீனக் கண்காணிப்பாளர்கள் முன்னிலையில். ஒரு குண்டு போடவில்லை. சீனா இதில் நல்லது செய்தது என்று நான் சொல்லவில்லை, அந்த மக்களின் வாழ்வு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நேபிடோவில் ஒரு கதவு, சீன எல்லையோரத்து வா இனப் படையிடம் ஒரு கதவு, கோகாங்கில் ஒரு கதவு, கச்சினில் ஒரு கதவு என்று எல்லாக் கதவுகளையும் அது திறந்து வைத்திருக்கிறது. நாம் நேபிடோ கதவை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தலைநகரத்தை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் விளைநிலத்தில் 6 சதவீதம்தான் அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, 1937-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் வேண்டும் என்று கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனவர்கள் இல்லை நம் ஆட்கள்; கொடுத்த கடன் நிலமாக வந்து சேர்ந்தது. தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஐயா காலத்துப் பேரேடு ஒன்று இருக்கிறது. அவர் பர்மாவில் பெகு ஊரில் ஒரு விலாசத்துக்கு (வட்டிக்கடைக்கு) அடுத்தாளாக (துணை முகவராக) இருந்தார். கிராமத்துக்கு ஒரு பக்கம், மவுங் என்று தொடங்கும் பர்மியப் பெயர்கள் தமிழ் எழுத்தில், பக்கத்தில் ஏக்கர், அதன் பக்கத்தில் நெல் எத்தனை கூடை, வட்டி எவ்வளவு என்று வரிசையாக ஓடும். கரையான் அரித்த ஓரங்களைத் தவிர எழுத்து இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 1941-க்கு அப்புறம் ஏடு வெறுமையாகக் கிடக்கிறது.

அந்தப் பேரேட்டின் மதிப்பு முழுக்க ரங்கூன் நீதிமன்றத்தின் மேல் நின்றது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அது போயிற்று. 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மிச்சம் இருந்ததை ராணுவ ஆட்சியாளர் நே வின் 1963, 1964-ல் வங்கியிலிருந்து சில்லறைக் கடைவரை நாட்டுடைமையாக்கி, 50, 100 சாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்து முடித்துவைத்தார். கிராமத்தில் நமக்காக ஒரு குரல் எழவில்லை. எழ வேண்டிய நியாயமும் இல்லை, அந்த உழவர்களுக்கு நம்மேல் கோபப்பட உண்மையான காரணம் இருந்தது. இதைச் சொன்னால் நம் பக்கம் சிலருக்கு உவப்பாக இராது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ரங்கூன் சட்டம் இருக்கும்வரை போதும் என்று இருந்துவிட்டோம். ஊருக்குள் உறவு தேடவில்லை.

இன்றைக்கு டெல்லியின் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் எல்லையை ஒட்டிய நிலத்தின் பெரும்பகுதி நேபிடோ கையில் இல்லை. மிசோரத்தை ஒட்டிய சின் மாநிலத்தின் பெரும்பகுதி சின் இனப் படைகளிடம் இருக்கிறது. கலாதான் திட்டத்தின் நடு முடிச்சான பலேத்வாவை 2024 ஜனவரியில் அரக்கான் படை பிடித்துவிட்டது. நாம் கட்டிய சிட்வே துறைமுகம் 2023 மே மாதம் திறக்கப்பட்டு, கல்கத்தாவிலிருந்து முதல் சரக்கு போனது. சிட்வே நகரம் இன்னும் ராணுவத்திடம், அதைச் சுற்றி அரக்கான் படை. ஆக, துறைமுகம் ஒருவர் கையில், ஆறும் சாலையும் இன்னொருவர் கையில். இன்னொன்றும் நடந்திருக்கிறது. மணிப்பூர் ஆயுதக் குழுக்கள் சில, சகாயிங் பக்கம் பர்மிய ராணுவத்தோடு சேர்ந்துகொண்டு ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய மக்கள் பாதுகாப்புப் படையை எதிர்த்துச் சண்டையிட்டதாகச் செய்திகள் வந்தன. எந்தக் குழுக்களை விரட்டுவதற்காக 1993-ல் ராணுவத்தோடு கை குலுக்கினோமோ, அவற்றுக்கே ராணுவம் இன்று புகல் கொடுக்கிறது என்றால், அந்தப் பழைய உடன்பாட்டில் நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

2024 பிப்ரவரியில் அரசு செய்தது, எல்லையோர மக்களின் தடையற்ற போக்குவரத்து ஏற்பாட்டை ரத்து செய்வதாகவும் எல்லை முழுக்க வேலி போடுவதாகவும் அறிவித்தது. எல்லையிலிருந்து 16 கிலோமீட்டர்வரை விசா இல்லாமல் போய்வர மலை மக்களுக்கு உரிமை தந்த ஏற்பாடு அது. பின்னால் முழுதாக ரத்தாகாமல் 10 கிலோமீட்டராகக் குறைத்து, சீட்டு முறை கொண்டுவந்தார்கள். மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் இரண்டும் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மணிப்பூரில் 2023 மே முதல் நடந்த இனக்கலவரக் கோரத்தைப் பார்த்த பிறகு, எல்லையைக் கண்காணிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே இனமாக வாழும் மிசோக்களும் சின்களும்தான் அந்தப் பகுதியில் நமக்கு இருக்கும் ஆகப் பெரிய பலம். பல்லாயிரம் சின் அகதிகளுக்கு மிசோரம் தன் கையிலிருந்து சோறு போட்டது. அந்த உறவை வேலி போட்டு அறுத்துவிட்டு, சீனாவின் செல்வாக்கு கூடுகிறதே என்று கவலைப்பட்டு என்ன பயன்? மோரே நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழர்கள், மறுபடி தரை வழியாகப் போகப் பார்த்து எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூர் விளிம்பிலேயே தங்கிவிட்ட ஊர் அது. அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டி, தமிழும் பர்மியமும் மணிப்பூரின் மெய்தெய் மொழியும் பேசி, தாமு சந்தையை நம்பிப் பிழைத்தவர்கள். எல்லை அடைபட்டால் முதலில் அடைபடுவது அவர்கள் கடைதான்.

படை அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்கக் கூடாது. 1987 ஜூலை 29-ஆம் தேதி இலங்கை ஒப்பந்தத்தோடு இணைத்த கடிதங்களைப் படியுங்கள். திருகோணமலையை வேறு எந்த நாட்டின் ராணுவத் தேவைக்கும் நமக்குக் கேடாகக் கொடுக்கக் கூடாது என்பது, அங்கிருக்கும் எண்ணெய்த் தொட்டிகள், வெளிநாட்டு வானொலி நிலையம் என்று எல்லாம் அதில் வரும். தமிழர் உரிமை ஒரு பக்கம் என்றால், அயல் வல்லரசுகள் வந்துவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. ஈழத்தமிழர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அயல்நாடுகள் வராமல் இருந்தார்களா? 2017-ல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது.

அப்படியானால் இஸ்ரேலிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. குண்டை விட்டுவிட்டு, கோடு போட்டுக்கொள்ளும் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கு மூன்று கோடுகள் போதும் என்பேன். நம் வடகிழக்கைத் தாக்கும் குழுக்களுக்கு அங்கே முகாம் இருக்கக் கூடாது. கோகோ தீவிலோ ராக்கைன் கரையில் உள்ள சௌக்பியுவிலோ சீனக் கடற்படை வந்து தங்கக் கூடாது. கலாதான் வழி திறந்திருக்க வேண்டும். கோகோ தீவு அந்தமானுக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். அங்கே சீன வேவுத் தளம் இருக்கிறது என்று 1990-களிலிருந்தே பேச்சு. 2005-ல் நம் கடற்படைத் தளபதியே அப்படி எதுவும் இல்லை என்றார். 2023-ல் ஓடுபாதை நீட்டப்பட்டிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எனவே வதந்திக்குப் பதறவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

இந்த மூன்றையும் நேபிடோவுக்குச் சொல்வதுபோலவே அரக்கான் படைக்கும் சின் படைகளுக்கும் கச்சின் படைக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2024 பிப்ரவரியில் மிசோரமின் மாநிலங்களவை உறுப்பினர் எல்லை தாண்டிப் போய் அரக்கான் படையினரைச் சந்தித்துக் கலாதான் சாலை பற்றிப் பேசினார். ஒரு எம்.பி. சொந்தப் பொறுப்பில் செய்ததை டெல்லி முறைப்படி செய்யலாம். அரக்கான் படை ஒன்றும் உத்தமர்கள் கூட்டம் இல்லை. ரோஹிங்கியா மக்கள் மேல் அவர்கள் நடத்திய கொடுமைகள் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகள் இருக்கின்றன, அதையும் முகத்துக்கு நேரே பேச வேண்டும். பேச்சே இல்லையென்றால் அதைக் கேட்கவும் வழியில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது இந்தியா உடனே மீட்புக் குழுவும் கள மருத்துவமனையும் அனுப்பியது, நல்ல காரியம். அதே கையை மிசோரம் வழியாகச் சின் மலைக்கும் நீட்டலாம். மருந்து, பள்ளிக்கூடம், ஒரு மின்கம்பி போதும் தொடங்க.

உங்கள் தேர்வுக்கும் அதற்கு அப்பாலும் கவனிக்க வேண்டிய இடம் ராக்கைன் கடற்கரை. அந்த மாநிலத்தின் 17 வட்டங்களில் 14 அரக்கான் படையிடம். ராணுவத்திடம் மிச்சம் இருப்பவற்றில் இரண்டு, நம் துறைமுகம் உள்ள சிட்வேயும் சீனக் குழாய்கள் கரையேறும் சௌக்பியுவும். இரண்டும் ஒருநாள் ஒரே படையின் கைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தப் படையோடு சீனா இப்போதே பேசிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வெளியுறவு அமைச்சகம் கலாதான் பற்றி நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும்போது, பலேத்வாவில் யாரோடு பேசுகிறோம் என்பதற்கு ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.